கேன் ஆர் நாட்?

சென்னையில் ‘கேன்’ என்றால் தண்ணீர். ‘கேன் போடச் சொல்லியாச்சா?’ என்று வீட்டில் குரல் கேட்டால், 20 லிட்டர் தண்ணீரோடு யாரோ ஒருவர் தோளில் சுமந்து மாடியேறி வரப்போகிறார் என்று அர்த்தம். பாலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கூட அதே கேன்தான்.

அதே சென்னைக்காரர் நாலு மணி நேரம் பறந்து சிங்கப்பூரில் இறங்குகிறார். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போகிறார். கொஞ்சம் விலை குறைக்கலாமா என்று கேட்கிறார். சீனக் கடைக்காரர் மீனைத் தராசில் போட்டபடியே ‘கேன்’ என்கிறார். சுத்தம் பண்ணித் தருவீங்களா? ‘கேன்.’ தலையைத் தனியா? ‘கேன், கேன்.’ கார்டு வாங்குவீங்களா? ‘கேனாட்.’

வியாபாரம் முடிந்துவிட்டது. நாலு கேள்விக்கும் ஒரே வினைச்சொல்தான் பதில். எழுவாய் கிடையாது, ‘யெஸ்’ கிடையாது, ‘சார்’ கிடையாது. கடைக்காரரிடம் மரியாதைக் குறைவும் கிடையாது. சிங்கப்பூரில் ஆங்கிலம் என்னவாக ஆகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு சொல்லைப் பின்தொடர்ந்தாலே போதும்.

புதிதாக வந்தவருக்கு முதலில் பிடிபடாதது, கேனுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு அசைகள். ‘கேன் லா’ என்றால் ‘அட, அதெல்லாம் முடியும், நீங்க கவலைப்படாதீங்க.’ ‘கேன் லோர்’ என்றால் முடியும்தான், ஆனால் சொல்பவருக்கு அதில் பெரிய உற்சாகமில்லை. ‘சரி, வேற என்ன பண்றது, செஞ்சிடலாம்’ என்ற அலுப்பு உள்ளே இருக்கிறது. ‘கேன் ஹோர்?’ என்று இழுத்தால் ‘முடியும்தானே?’ என்று உறுதி கேட்கிறார். ‘கேன் மே?’ சந்தேகம்: ‘நிஜமாவா? எனக்கென்னவோ நம்பிக்கையில்ல.’ ‘கேன் லே’ என்றால், மற்றவர் முடியாது என்று நினைத்ததை மெல்ல மறுப்பது: ‘முடியுதே!’ ‘ஹவ் கேன்!’ கேள்வியே அல்ல, ‘அதெப்படி!’ என்ற ஆட்சேபம். யாராவது முறைதவறிக் காரியம் சாதித்துக்கொண்டு போனால், பார்த்துக்கொண்டிருப்பவர் வாயிலிருந்து ‘லைக் தட் ஆல்சோ கேன்?’ வரும். ‘இப்படியெல்லாம்கூடப் பண்ணலாமா?’ என்று நம் ஊரில் அங்கலாய்ப்பதுதான் அது. ஆள் தேறமாட்டான், கடை தேறாது என்றால் ‘கேனாட் மேக் இட்’; அவசரக்காரர்கள் அதையும் சுருக்கி ‘சி.எம்.ஐ.’ ஆக்கிவிட்டார்கள்.

ஆகவே கேன் என்ற சொல் பதிலில் பாதிதான். மீதிப் பாதி அதன் வாலில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும்.

இந்த ‘லா’வைக் கேட்டதும் திருநெல்வேலிக்காரர்களுக்கு ஒரு சந்தோஷம் வரும். ‘சொன்னேம்லா’, ‘வந்தாம்லா’ என்று பேசி வளர்ந்த காது அது. ஆனால் நெல்லையின் லா ‘அல்லவா’ தேய்ந்து வந்தது. சிங்கப்பூர் லாவின் பிறப்பிடம் மலாய் மொழியா, ஹொக்கியன் என்ற சீன மொழியா என்று மொழியியலாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. இருந்தாலும் சிங்கப்பூர்த் தமிழர்கள் ‘வாங்கலா’, ‘இருக்கட்டும்லா’ என்று எந்தக் கூச்சமும் இல்லாமல் பேசுகிறார்கள். தமிழுக்குள் அந்த லா உறுத்தாமல் உட்கார்ந்துவிட்டது.

இனி, ஏன் இப்படி? இங்கிலாந்து ஆங்கிலத்தில் ‘கேன் யூ?’ என்று கேட்டால் ‘யெஸ், ஐ கேன்’ என்று சொல்ல வேண்டும். யார் என்பது வாக்கியத்தில் இருந்தாக வேண்டும். சிங்கப்பூரில் ஆங்கிலத்துக்கு முன்பிருந்தே புழங்கிய மொழிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. ஹொக்கியனில் ‘ஏ சாய்’ என்றால் முடியும், ‘பே சாய்’ என்றால் முடியாது. மலாயில் ‘போலே தக்?’ என்று கேட்டால் ‘போலே’ என்று பதில் வரும். தமிழிலும் அதே கதைதான். ‘முடியுமா?’ ‘முடியும்.’ ‘இருக்கா?’ ‘இருக்கு.’ ‘சாப்பிட்டாச்சா?’ ‘சாப்பிட்டாச்சு.’ ஆமாம், இல்லை என்ற சொற்கள் நம்மிடம் இருந்தாலும், கேட்ட வினையையே திருப்பிக் கொடுப்பதுதான் நமக்கு இயல்பு. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஆங்கிலத்தைக் கையில் எடுத்தபோது மூவரும் அதை ஒரே பக்கமாக வளைத்ததில் வியப்பில்லை.

சிங்லிஷ் எனப்படும் இந்தச் சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தின் இலக்கணத்தில் சீன மொழிகளின் பங்குதான் பெரியது. பாவ் ஜிமிங் போன்ற ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். எண்ணிக்கையில் சிறுபான்மையான தமிழர்கள்தான் இதை உருவாக்கினார்கள் என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது, கொண்டாடவும் வேண்டாம். ஆனால் பழைய ஆங்கிலப் பள்ளிகளின் வகுப்பறைகளில் இந்தியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த ஆசிரியர்கள் கணிசமாக இருந்தார்கள். ஆந்தியா ஃபிரேசர் குப்தா போன்ற மொழியியலாளர்கள் சிங்கப்பூர் ஆங்கிலத்தின் வரலாற்றை எழுதும்போது அந்த ஆசிரியர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். நம் பேச்சு வழக்குக்கு இவ்வளவு நெருக்கமான ஒரு சொல்லைத் தமிழர்கள் வெளியிலிருந்து கடன் வாங்கியவர்களாக மட்டும் இருந்திருக்க மாட்டார்கள்.

லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் ஓரிரு தலைமுறைக்கு முன்பு கேன் இருந்த இடத்தில் போலே இருந்தது. தமிழ்க் கடைக்காரரும் சீன வாடிக்கையாளரும் பேசிக்கொண்டது சந்தை மலாயில். அந்த மலாய்க்குள்ளேயே தமிழ் இருந்தது: கடை ‘கெடாய்’ ஆகியிருந்தது, கப்பல் ‘கப்பால்’ ஆகியிருந்தது. 1987ல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழியானது. அதற்கு முன்பே தொடங்கிவிட்ட மாற்றம்தான், ஆனால் அதற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்குச் சந்தை மலாய் தெரியாமல் போயிற்று. இனம் கடந்து பேச வேண்டிய வேலை ஆங்கிலத்தின் தலையில் விழுந்தது. போலே எழுந்துபோன நாற்காலியில் கேன் உட்கார்ந்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டிலேயே அதிகம் ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு. தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு.

சரி, பெயர்ச்சொல்லான அந்த இன்னொரு கேன் சிங்கப்பூரில் என்ன ஆனது? வினைச்சொல்லுக்கும் அதற்கும் உறவே இல்லை. பழைய ஆங்கிலத்தில் பாத்திரத்தைக் குறித்த தனிச்சொல் அது. சிங்கப்பூரில் அந்த வேலையைப் பெரும்பாலும் ‘டின்’ பார்த்துக்கொண்டது. மலாயாவின் வெள்ளீயம் புலாவ் பிரானித் தீவில் உருக்கப்பட்ட காலத்தில், அன்னாசிப்பழத்தை டின்னில் அடைத்துக் கப்பலேற்றுவது இந்த ஊரின் பெரிய தொழில்களில் ஒன்று. பிற்காலத்தில் ரப்பர் வணிகத்திலும் கல்விக் கொடையிலும் பேர்பெற்ற டான் கா கீ, 1904ல் சொந்தமாகத் தொடங்கியது ஓர் அன்னாசி ஆலைதான். காப்பிக்கடையில் பார்சல் காப்பி வாங்கினால் காலியான பால் டின்னில் ஊற்றிக் கயிறு கட்டித் தருவார்கள் என்று பழையவர்கள் சொல்வதும் டின்னைத்தான்.

கேனைக் கேட்டு எல்லோரும் மகிழ்ந்துவிடவில்லை. 1999 தேசிய தினப் பேருரையில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங் சிங்லிஷைப் பற்றிக் கவலையோடு பேசினார். குர்மித் சிங் நடித்த புவா சூ காங் என்ற தொலைக்காட்சிப் பாத்திரத்தின் பெயரையே எடுத்து, அவரை ஆங்கில வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்றார். நாடே சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரப் பாத்திரம் அது. அதே ஆண்டு முன்னாள் பிரதமர் லீ குவான் இயூவும் சிங்லிஷ் சிங்கப்பூரர்களுக்கு ஒரு குறைபாடாகிவிடும் என்று எச்சரித்தார். 2000 ஏப்ரலில் நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் தொடங்கியது. அந்த ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ‘லா’வைச் சேர்த்துக்கொண்டது. 2016ல் ‘ஷியோக்’, ‘ஆங் மோ’, ‘தே தாரிக்’ உட்பட மேலும் பல சிங்கப்பூர்ச் சொற்கள் அதில் ஏறின. அதே 2016ல் கவிஞர் குவீ லி சுய் நியூயார்க் டைம்ஸில் சிங்லிஷை ஆதரித்து எழுத, அப்போதைய பிரதமரின் செய்திச் செயலாளர் அதே பத்திரிகைக்கு மறுப்பு எழுதினார். குவீ அதோடு நிற்கவில்லை. மறு ஆண்டு சிங்லிஷைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார், 2019ல் ‘குட்டி இளவரசன்’ கதையைச் சிங்லிஷில் கொண்டுவந்தார்.

அரசின் கவலை பொய்யான கவலை அல்ல. துறைமுகத்தையும் வங்கியையும் நம்பி வாழும் ஊரில், வெளியூர்க்காரருக்குப் புரியும் ஆங்கிலம் பிள்ளைகளுக்குச் சோறு போடும் மொழி. சீன, மலாய், தமிழ் வீடுகளில் பெற்றோர் ஆங்கிலத்துக்காகப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் தேக்காவில் மீன் விற்பவரின் கேன் பிழையான ஆங்கிலம் என்று சொன்னால் அது தவறு. அதற்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. ‘லோர்’ வர வேண்டிய இடத்தில் ‘மே’ போட்டால் அங்கே வளர்ந்த எந்தக் குழந்தையும் உடனே கண்டுபிடித்துவிடும். தவறு செய்ய முடிகிற இடத்தில்தான் இலக்கணம் இருக்கிறது.

ஆங்கிலத்துக்குள்ளேயே இந்தச் சொல் பலமுறை உருமாறியதுதான். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் கேனின் மூலச்சொல்லுக்குப் பொருள் ‘அறிதல்’. ‘நோ’, ‘கன்னிங்’ எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். ஜெர்மன் மொழியின் ‘கென்னன்’ என்ற அறிதலும் ‘கொன்னன்’ என்ற இயலுதலும் அதே குடும்பம். தெரிந்தவன் செய்வான், ஆகவே தெரிதல் முடிதலாயிற்று. பிறகு முடிதல் அனுமதியாயிற்று. ‘கேன் ஐ கோ?’ என்று கேட்ட மாணவனை, ‘மே ஐ’ என்று சொல்லச் சொல்லித் திருத்திய ஆசிரியர்களின் வரிசை நீண்டது. அந்த ஆங்கில ‘மே’யும் முதலில் வலிமையைக் குறித்த சொல்தான், பிறகுதான் அனுமதிக்கு வந்தது.

நம் மொழியில் இந்தப் பொருள்கள் இன்னும் தனித்தனி வீட்டில் இருக்கின்றன. நீச்சல் கற்றவரிடம் ‘நீந்தத் தெரியுமா?’ என்கிறோம், ஆங்கிலக் கேன் பிறந்த அதே அறிதல். கை சுளுக்கியவரிடம் ‘தூக்க முடியுமா?’ குளத்தங்கரையில் நின்றுகொண்டு பெரியவரிடம் ‘குளிக்கலாமா?’ வானத்தைப் பார்த்து ‘மழை வரக்கூடும்.’ நன்றாகப் பாடுகிறவருக்குப் ‘பாட வரும்.’ யாழ்ப்பாணத்தில் ‘ஏலும், ஏலாது’ என்று இயலுதலைச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். ‘குளிக்கலாம்’ என்பதில் வரும் லாம் என்பதே ‘செயல் ஆம்’ என்பதன் சேர்க்கை. அந்தச் செயல் ஆகும், தகும் என்று ஒப்புதல் கொடுப்பது. தமிழ்ச் சொற்களும் இடம் மாறாமல் இல்லை. ‘மாட்டேன்’ என்பது பழைய தமிழில் ‘என்னால் இயலாது’. இன்று ‘செய்ய மறுக்கிறேன்.’ ஆனாலும் தெரியும், முடியும், லாம் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் நின்றன. ‘நின்றன’ என்று இறந்தகாலத்தில் சொல்லும்போது ஒரு வலி இருக்கிறது.

சிங்கப்பூரில் தமிழ்ப் பிள்ளைகள் பேசுவதைக் கவனித்தால் அது புரியும். ‘டீச்சர், நான் தண்ணி குடிக்க முடியுமா?’ என்று கேட்கும் பிள்ளை நன்றாகத் தமிழ் பேசுகிற பிள்ளைதான். உச்சரிப்பு சுத்தம், வாக்கியம் சுத்தம். ஆனால் தண்ணீர் குடிக்க முடியுமா முடியாதா என்பது அந்தப் பிள்ளையின் தொண்டைக்குத்தான் தெரியும். கேட்க வந்தது ‘குடிக்கலாமா?’ மனதுக்குள் ‘கேன் ஐ’ ஓடி, அது தமிழாகும்போது முடியும் வந்து விழுந்துவிடுகிறது. ‘நான் உள்ளே வர முடியுமா?’, ‘நான் இதை எடுக்க முடியுமா?’ எல்லாம் இதே ரகம். பிள்ளைகளைக் குறை சொல்ல வேண்டியதில்லை, சென்னையின் பெரியவர்களும் இதையேதான் செய்கிறார்கள். கைப்பேசிச் செயலியைத் திறந்தால் ‘நான் உங்களுக்கு எப்படி உதவ முடியும்?’ என்று கேட்கிறது. எந்த ஊர்க் கடையிலும் எந்த அண்ணாச்சியும் அப்படிக் கேட்டதில்லை. ‘வாங்க, என்ன வேணும்?’ என்பதுதான் கேள்வி. ‘கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா?’ என்று பேருந்தில் கேட்டவர்கள் ‘நகர முடியுமா?’ என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

தமிழுக்குள் கேன் அப்படியே வந்து உட்கார்ந்தால்கூடப் பயமில்லை. ‘அண்ணே, நாளைக்கு டெலிவரி கேனா?’ என்று கேட்டால், அது ஆங்கிலச் சொல் என்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். முடியும் என்ற நம் சொல்லின் தோலைப் போர்த்துக்கொண்டு கேன் வரும்போதுதான் லாம் சத்தமில்லாமல் வேலையிழக்கிறது. இதற்கு வழி கடினமானதல்ல. ‘தண்ணி குடிக்க முடியுமா?’ என்று பிள்ளை கேட்டால், அதட்டாமல் ‘குடிக்கலாமே’ என்று பதில் சொன்னால் போதும். கேட்டதைத் திருப்பிச் சொல்வது நம் வழக்கம் என்பதால், சரியான வடிவம் பதிலிலேயே பிள்ளையின் காதுக்குப் போய்விடும். தாத்தா பாட்டியோடு வளரும் பிள்ளைகளிடம் லாம் திடமாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நம்ப இடமிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவுக்குப் போனால் இன்னொரு வகைத் தமிழ்க் கூட்டத்தைப் பார்க்கலாம். புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்தவர்கள். புல்வெளியில் உட்கார்ந்து ஊருக்குப் பேசுகிறார்கள், முஸ்தபா கடையிலிருந்து பைகளோடு வருகிறார்கள். இவர்களில் பலருக்கு வேலைத்தளத்தில் முதலில் வாய்க்கும் ஆங்கிலம் கேனும் கேனாட்டும்தான். மேற்பார்வையாளர் சீனராக இருக்கலாம், பக்கத்தில் வேலை செய்பவர் வங்காளதேசத்தவராக இருக்கலாம். மூவருக்கும் பொதுவான பாலம் இந்த இரண்டு சொற்கள்.

அந்தப் பாலத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. ‘டுடே ஃபினிஷ், கேன் ஆர் நாட்?’ என்று மேலாளர் கேட்கும்போது, வந்து சில வாரங்களே ஆன தம்பி ‘கேன், பாஸ்’ என்றுதான் சொல்வார். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்தவர், ‘கேனாட்’ என்று சொல்லித் தன்னைத் தேறாதவனாகக் காட்டிக்கொள்ள விரும்புவாரா? சந்தையில் மீன்காரர் ‘கேன் லோர்’ என்று இழுக்கும்போது அவருடைய தயக்கம் வாலில் தெரிந்துவிடுகிறது. அந்த வாலை இன்னும் கற்றுக்கொள்ளாதவர் சொல்லும் மொட்டைக் கேனில் எதுவும் தெரிவதில்லை. புரிந்ததா, புரியவில்லையா, பயமா, மரியாதையா, சோர்வா? எல்லாம் ஒரே ‘கேன், பாஸ்’. ஊரில் பெரியவர் சொன்னால் ‘சரிங்க’ என்று தலையாட்டி வளர்ந்த பழக்கமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. அந்தச் ‘சரிங்க’ பல நேரம் ‘நீங்க சொன்னது காதில் விழுந்தது’ என்பதுதான், ‘செய்து முடிப்பேன்’ என்ற வாக்குறுதி அல்ல.

பத்தாவது மாடியின் விளிம்பில், பாரந்தூக்கியின் கீழே, மூடிய தொட்டிக்குள் நிற்கும்போது இந்தக் குழப்பத்துக்கு உயிரே விலையாகலாம். சிங்கப்பூர் இதை உணராமல் இல்லை. கட்டுமானத் தொழிலாளர் கட்டாயம் முடிக்க வேண்டிய பாதுகாப்புப் பயிற்சி தமிழிலும் நடத்தப்படுகிறது. 2018ல் புதிதாக வரும் வெளிநாட்டு ஊழியர்களுக்காகத் தொடங்கிய அறிமுக வகுப்பும் அவரவர் தாய்மொழியில்தான். வகுப்பில் தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டவர் மறுநாள் காலை தளத்துக்குப் போனதும், அங்கே காத்திருப்பது மறுபடியும் ‘கேன் ஆர் நாட்?’தான்.

ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் வரக்கூடிய கேள்வியை அந்த இடத்தில் கேட்கவே கூடாது. சொன்ன வேலையைத் தொழிலாளியே தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும், கையால் செய்து காட்டட்டும். எந்தக் கொக்கியை எங்கே மாட்டப் போகிறார், எந்த வால்வை முதலில் மூடப் போகிறார் என்று அவர் காட்டினால் புரிந்ததா இல்லையா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். தமிழ் பேசும் மூத்த தொழிலாளி ஒருவர் அந்தக் குழுவில் இருந்தால், ‘என்னப்பா செய்யப்போறே, சொல்லு’ என்று அவர் கேட்கட்டும். அதற்குத் தம்பி, ‘அண்ணே, அவர் சொன்னது எனக்குச் சரியா விளங்கல’ என்று கூச்சமில்லாமல் சொல்வார்.